புகுமுக வகுப்பில் கற்ற மோதல் சொற்கள்

மலேசியாவில் அறுபதுகளில் தமிழ்ப்பள்ளியிலும் சீனப்பள்ளியிலும் ஆறாம் ஆண்டை முடித்து ஆங்கில இடைநிலைப்பள்ளிக்கு வந்தவர்கள், முதலாம் படிவத்துக்கு முன் 'ரிமூவ்' எனப்பட்ட புகுமுக வகுப்பில் ஓராண்டு ஆங்கிலம் பயில வேண்டியிருந்தது. 1965இல் எங்கள் பள்ளியில் அவ்வகுப்பில் என்னோடு இருந்தவர்களில் பெரும்பாலோர் சீன மாணவர்கள்.

மலேசியா உருவானதை எதிர்த்து இந்தோனேசியா நடத்திய 'கன்ஃப்ரன்டேஷன்' என்ற மோதல் அப்போது மூன்றாம் ஆண்டை எட்டியிருந்ததால், எங்கள் ஆங்கில ஆசிரியை பாடநூலை ஒதுக்கிவிட்டு நாளிதழையே பாடமாக்கினார். எல்லையில் துப்பாக்கிச் சூடு நடக்கும்போது 'வார்' என்று சுருக்கமாக எழுதாமல் இத்தனை நீளமான சொல் எதற்கு என்று சீன மாணவன் ஒருவன் கேட்டான். முறைப்படி எவரும் போர் அறிவிக்கவில்லை என்பதே காரணம். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு, வாய்த்தகராறுக்குக் 'குவாரல்', உரிமை குறித்த பிணக்குக்கு 'டிஸ்ப்யூட்', இரு தரப்பும் நேருக்கு நேர் மோதினால் 'கிளாஷ்' என்று அவர் வகை பிரித்துக் காட்டினார்.

சீன நண்பர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று இருந்தது. அவர்களுடைய 'மாவ்துன்' என்ற சொல்லுக்கு எழுத்துப்படி ஈட்டி, கேடயம் என்று பொருள். எதையும் துளைக்கும் ஈட்டியையும் எதனாலும் துளைக்க முடியாத கேடயத்தையும் ஒருவனே கூவி விற்றதாக பண்டைச் சீனச் சிந்தனையாளர் ஹான் ஃபெய் சொன்ன பழங்கதையில் பிறந்த சொல் அது. கருத்து முரண், மாமியார் மருமகள் பூசல் இரண்டுக்கும் அதுவே பொருந்தும். ஆகவே அண்டைவீட்டுச் சண்டையைக்கூட அவர்கள் அகராதியை நம்பிக் 'கான்ட்ரடிக்ஷன்' என்று எழுதினார்கள். எல்லாவற்றையும் 'ஃபைட்' ஆக்கிவிடும் தமிழ்ப்பிள்ளைகளான நாங்கள் சிரிக்கத் தகுதி உடையவர்கள் அல்லர்.

வாக்கிய அமைப்பில் இரு சாராரும் கூட்டாளிகள்தாம். 'அவனோடு' என்பது தமிழிலும் சீனத்திலும் வினைக்கு முன்பு வரும். ஆங்கிலத்தில் பின்னால் போகும். அதைவிடத் தொல்லை தந்தது, 'ஓடு' என்பதற்கு ஈடான 'வித்'. அவ்வாண்டு போர்னியோவில் ஆஸ்திரேலியப் படை மலேசியாவோடு போரிட்டது என்றால் அது துணையா, பகையா? பகைக்கு 'எகென்ஸ்ட்', துணைக்கு 'அலாங்சைட்' என்று ஆசிரியை கரும்பலகையில் கோடு கிழித்து இரு பக்கமும் எழுதினார். எதிர்ப்பதைக் குறிக்கும் 'அப்போஸ்' என்ற வினைக்கு இவை எதுவும் வேண்டாம் என்பதை ஏற்கத்தான் எங்களுக்கு மனம் வரவில்லை.

இப்போது ஆஸ்திரேலியாவின் பெர்த்தில், சீனாவிலிருந்து குடியேறிய முதியவர்களுக்கு ஓய்வு நேரத்தில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். போர்ச் செய்தி அவர்களுக்கு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. வாடகை வீட்டின் முன்பணத்தைத் திருப்பித் தர மறுக்கும் உரிமையாளருக்குக் கடிதம் எழுத வேண்டும். அங்கே 'கான்ட்ரடிக்ஷன்' புரியாது, 'ஃபைட்' அடிதடியாகத் தொனிக்கும், 'டிஸ்ப்யூட்' என்று எழுதினால் உரிமை குறித்த பிணக்கு என்று விளங்கும்.