வராத ஐந்தாவது மணி

ஐம்பது புள்ளி தரும் இலக்கில் பந்து பட்டதும் மணி நான்கு முறைதான் ஒலித்தது; பத்துப் புள்ளிக்கு ஒன்றாக ஐந்து முறை ஒலித்திருக்க வேண்டும்.

நண்பரின் பணிக்கூடத்தில் மூடி திறந்து கிடந்த, சிகாகோவில் செய்யப்பட்ட பழைய பின்பால் (பந்தை இலக்குகளில் மோதவிட்டுப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு) இயந்திரம் அது. கணினி எதுவும் இல்லாத அதன் உள்ளே, பந்து பட்ட செய்தியை ஒரு ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) தன் சொந்த மின்தொடர்பு வழியே தானே பிடித்து வைத்துக்கொள்ள, மோட்டார் சுழன்று ஒரு சுவிட்சை ஐந்து முறை மூடித் திறந்து, புள்ளிச் சக்கரத்தை ஐந்து படி நகர்த்திய பிறகே அந்த ரிலேயை விடுவிக்க வேண்டும்.

விடுவிக்கும் சுவிட்சின் உலோக இலை இம்மியளவு வளைந்திருந்ததால், ரிலே முன்கூட்டியே விடுபட்டிருக்கிறது!

இலையை நிமிர்த்தியதும் கணக்கு சரியானது. (வெள்ளித் தொடர்புமுனைகளை உப்புத்தாளால் தேய்த்துக் கெடுப்பவர்களை மன்னிக்க என்னால் முடியவில்லை.)

இதைவிடச் சிக்கலானவை 1951 முதல் வந்த, பின்பாலின் ஒரு வகையான பிங்கோ இயந்திரங்கள். பந்தைத் தட்டித் திருப்பும் துடுப்புகள் அவற்றில் இல்லை. பந்துகள் எண்ணிட்ட குழிகளில் விழும். கூடுதல் நாணயம் போட்டால் பரிசு விகிதம் உயரலாம், உயராமலும் போகலாம். அதைத் தீர்மானிப்பவை படிப்படியாக நகரும் மின்தொடர்புத் தட்டுகள்.

அவை சூதாட்டக் கருவிகளே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1957இல் வரிவழக்கு ஒன்றில் கூறியது. அதில் எனக்கும் ஐயமில்லை. ஆயினும் சுற்றமைப்பின் நுட்பத்தில் சாதாரணப் பின்பாலைவிடப் பிங்கோவே மேல் என்பேன்.