பெயர் வரிசை அரசியல்

ஆய்வுக் கட்டுரை கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது பெயர் வரிசையைத்தான். கணிதக்காரர்களிடம் பெரும்பாலும் அகர வரிசை, சண்டையே இல்லை. உயிரியலில் அதிகம் உழைத்தவர் முதலில், ஆய்வகத் தலைவர் கடைசியில். நடுவில் மாட்டியவர்கள் பாடுதான் திண்டாட்டம், மேற்கோளில் ‘மற்றும் பிறர்’ ஆகிவிடுவார்கள்.

2015இல் ஹிக்ஸ் என்ற, அணுவைவிடச் சிறிய துகளின் நிறை பற்றிய இயற்பியல் கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும்!

1948இல் நடந்தது இன்னொரு கூத்து. மாணவர் ஆல்ஃபரின் முனைவர் பட்ட ஆய்விலிருந்து வந்த கட்டுரை அது. ஆசிரியர் பெயர்கள் கிரேக்க எழுத்துகளான ஆல்ஃபா, பீட்டா, காமா போல ஒலிக்கட்டுமே என்று, அந்த வேலையில் பங்கே இல்லாத இயற்பியலாளர் பெத்தேயின் பெயரையும் செருகிவிட்டார் வழிகாட்டி காமோவ். ஆல்ஃபருக்குப் பிடிக்கவில்லை. எப்படிப் பிடிக்கும்? இரண்டு ஜாம்பவான்கள் பக்கத்தில் நின்றால் மாணவனை யார் கவனிப்பார்கள்?