ஒரே பெயரில் இரண்டு பேர்

1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. அன்று மாலை அமெரிக்க அதிபர் ரீகன் ஆற்றிய உரையை யூடியூபில் கேட்டுக்கொண்டிருந்தேன். உரையின் கடைசியில் ஒரு கவிதையிலிருந்து சில சொற்கள் வரும். யாருடையவை என்று தேடியதில் கிடைத்த பெயர் ஜான் கில்லெஸ்பி மகீ. இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஓட்டி, 19 வயதில் இறந்துபோனவர். ‘ஹை ஃப்ளைட்’ என்ற 14 வரிக் கவிதையால்தான் இன்றும் பேசப்படுகிறார். இரண்டு நாளில் ஒரு பக்கம் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு மாதம் ஓடிவிட்டது.

ஆரம்பமே குழப்பம். பெயரைப் போட்டுத் தேடினால், 1937இல் சீனாவின் நான்ஜிங்கில் ஜப்பானியப் படை நடத்திய படுகொலையை 16 மி.மீ. கேமராவில் படம்பிடித்த ஒரு பாதிரியார் வந்து நின்றார். வேறு ஆள் என்று அவரை ஒதுக்கிக்கொண்டே வந்தேன். கடைசியில் பார்த்தால் அவர்தான் அப்பா! மகனுக்கும் அதே பெயர். அப்பா அமெரிக்கர், அம்மா ஆங்கிலேயர், மகன் பிறந்தது 1922இல் ஷாங்காயில். பிறந்த ஊரைக் கவனித்திருந்தாலே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். குடும்பத்தின் கடிதங்களும் தாள்களும் யேல் பல்கலைக்கழக இறையியல் நூலகத்தில் இருக்கின்றன. ஒதுக்கிய பக்கங்களையெல்லாம் மறுபடி முதலிலிருந்து திறந்தேன்.

அடுத்த தப்பு, அமெரிக்க ராணுவ ஆவணங்களில் தேடியது. மகன் 1940 அக்டோபரில் சேர்ந்தது கனடா விமானப்படையில். அமெரிக்கா அப்போது போரிலேயே இல்லை. யேலில் படிக்க உதவித்தொகை கிடைத்தும் அங்கே போகாமல் கனடாவுக்குப் போயிருக்கிறார். ஒருவர் எந்த நாட்டுக்காரர் என்பதைவிட, எந்தப் படையின் சீருடையில் இறந்தார் என்று பார்த்தால்தான் காகிதம் கிடைக்கும். போரில் இறந்த கனடா வீரர்களின் பணிக் கோப்புகள் அந்நாட்டின் நூலக, ஆவணக் காப்பகத்தில். அவர் இருந்த 412ஆம் ஸ்குவாட்ரனின் (விமானப் பிரிவின்) பதிவேடு லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில், ஏர் 27 என்ற வரிசையில். கல்லறை விவரம் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தில். ஸ்குவாட்ரன் பதிவேடுகளில் கவிதையை எதிர்பார்த்துப் போகக் கூடாது. வானிலை, யார் எத்தனை மணிக்கு ஏறினார், எத்தனை மணிக்கு இறங்கினார், அவ்வளவுதான். இடையில் நகல் எடுத்துத் தருவதாகச் சொன்ன ஒரு தனியார் சேவைக்குப் பணம் கட்டி, வேறு யாருடைய கோப்போ வந்து சேர்ந்தது. புகார் எழுதினேன், பதில் இல்லை. சரி, போகட்டும்.

கவிதை எழுதிய தேதி என்று பலரும் 1941 செப்டம்பர் 3ஐப் போடுகிறார்கள். அது அவர் பெற்றோருக்கு எழுதிய கடிதத்தின் தேதி. அந்தக் கடிதத்திலேயே, சில நாள் முன்பு எழுதியது என்கிறார். 30,000 அடி உயரத்தில் தொடங்கி, தரையிறங்கிய கொஞ்ச நேரத்தில் முடித்தாராம்.

என்னைச் சங்கடப்படுத்தியது வேறு. கடவுளின் முகத்தைத் தொட்டதாக வரும் அந்தப் புகழ்பெற்ற முடிவு அவருடைய சொந்தச் சொல் இல்லை. 1938இல் வந்த, பறத்தலைப் பற்றிய ஒரு கவிதைத் தொகுப்பில், கத்பர்ட் ஹிக்ஸ் என்பவரின் கவிதை அதே சொற்களில்தான் முடிகிறது. இங்கிலாந்தில் ஸ்காப்விக் கிராமத்துக் கல்லறையில் மகீயின் பெயருக்குக் கீழே பொறித்திருப்பதும் கவிதையின் முதல் வரியையும் அதே கடைசி வரியையும்தான். இதைப் படித்த அன்று எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டேன். பிறகு, 19 வயதில் நான் எழுதிய நோட்டு ஒன்றைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அதில் பாதி பாரதியார். மறுநாள் காலை திரும்பவும் உட்கார்ந்தேன்.

1941 டிசம்பர் 11 அன்று, மேகத்தைத் துளைத்துக் கீழே இறங்கும்போது, அவருடைய ஸ்பிட்ஃபயர் ஓர் ஆக்ஸ்ஃபோர்ட் பயிற்சி விமானத்தோடு மோதியது. தேதிகளை வரிசையாக எழுதியபோதுதான் கவனித்தேன்: அமெரிக்காவின் பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கி நான்கு நாள் ஆகியிருந்தது. அமெரிக்கா மீது ஜெர்மனி போர் அறிவித்ததும் அதே 11ஆம் தேதிதான்.

ஆக்ஸ்ஃபோர்டை ஓட்டியவரும் அந்த மோதலில் இறந்தார். நான் படித்தவர்கள் எல்லாரும் அவரை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மகீயைப் பற்றிய பக்கம் இன்னும் பாதியில்தான் கிடக்கிறது. அதற்குள் அந்த ஆக்ஸ்ஃபோர்ட் விமானியின் பணிக் கோப்புக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன்.