161 டாலர் குளிர்கோட்டு

டென்னிஸ் உதவித்தொகையில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போன முதல் வருடம். 2018 ஜனவரி. தமிழர்கள் கூடிய ஒரு பொங்கல் விழாவில் மதுரைக்கார அங்கிள் ஒருவர் அறிமுகமானார். என் மெல்லிசான ஜாக்கெட்டைப் பார்த்து, "இதைப் போட்டுக்கிட்டு எப்படிப்பா இருக்கே?" என்று கடைக்கு இழுத்துப் போய்ப் பெரிய குளிர்கோட்டு ஒன்று வாங்கித் தந்தார். அப்புறம் ஓட்டலில் சாப்பாடு. காரில் கொண்டுவந்து விடுதியில் விட்டார். அம்மாவிடம் போனில் சொன்னேன், அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

மூன்று வாரம் கழித்து கோச் கேட்டார்: "கோட்டு நல்லா இருக்கே, யார் கொடுத்தது?" சொன்னேன். முகம் மாறிவிட்டது. வீரர்கள் விதிப்படி நடக்கிறார்களா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் ஆபீசுக்கு நேரே அனுப்பினார்.

அங்கே அங்கிளின் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டினார்கள். சில வருடம் முன்பு மைதானச் சீரமைப்புக்கு நன்கொடை கொடுத்திருக்கிறார். அது போதும், அவர் 'பூஸ்டர்', அதாவது கல்லூரி விளையாட்டுக்குப் பணம் கொடுத்து ஆதரிப்பவர். அப்படிப்பட்டவரிடம் வீரர்கள் இப்படிப் பரிசு வாங்கக்கூடாதாம். கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் என்சிஏஏ அமைப்பின் கணக்கில் ஒருமுறை பூஸ்டர் என்றால் ஆயுசுக்கும் பூஸ்டர்தான். பாலில் பூஸ்ட் கலந்து குடித்து வளர்ந்த எனக்கு அந்த வார்த்தை சிரிப்பாக இருந்தது. அங்கே யாரும் சிரிக்கவில்லை.

முதல் கேள்வியே, "இங்கே வருவதற்கு முன்பே அவரைத் தெரியுமா?" பழைய குடும்ப நண்பர் என்றால் கதை வேறு. பொய் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் பொங்கல் விழா என்று சொல்லிவிட்டேன். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பிறகு விலை போட்டார்கள். கோட்டு 119, சாப்பாடு 34, விடுதிவரை கார் சவாரிக்கு டாக்சிக் கட்டணப்படி 8. மொத்தம் 161 டாலர். 200-ஐத் தாண்டாததால், அந்தத் தொகையை ஏதாவது தொண்டு நிறுவனத்துக்குக் கட்டினால் முடிந்தது. கட்டும்வரை ஆடக்கூடாது.

அன்று வெள்ளி, மறுநாள் மேட்ச். நூலகத்தில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தை அந்த ஊரிலிருந்த உணவு வங்கிக்கு ஆன்லைனில் கட்டி, ரசீதை அனுப்பிவிட்டுத்தான் தூங்கினேன். கோட்டு எனக்கே. என் காசில் வாங்கியதாகிவிட்டதே!

அந்த அதிகாரி ஆறுதலாக ஒன்று சொன்னார். ஓக்லஹோமா பல்கலைக்கழக வீரர்கள் மூன்று பேர் ஒரு விருந்தில் அளவுக்கு மேல் பாஸ்தா சாப்பிட்டதற்காக ஆளுக்கு 3 டாலர் 83 சென்ட் தானமாகக் கட்டினார்களாம். அதற்கு என் கதை தேவலை.

எனக்கு இன்றும் பிடிபடாத விஷயம், அதே சாப்பாட்டை அங்கிள் தன் வீட்டில் எப்போதாவது போட்டிருந்தால் தவறே இல்லை என்பதுதான். அழைத்துப் போகக் காரும் அனுப்பியிருக்கலாம். ஓட்டல் என்பதால்தான் குற்றமானது. வருடத் தொடக்கக் கூட்டத்தில் இதையெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

2021 ஜூலையில் விதி மாறி, வீரர்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்றானது. என்னோடு ஆடிய அமெரிக்கப் பையன்கள் குஷியானார்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருந்த எனக்கு அதைத் தொடவே பயம், வேலை செய்ததாகக் கணக்கில் எடுத்துவிட்டால் விசாவுக்கே ஆபத்து.

அங்கிளுக்கும் விதிகளை விளக்கி ஒரு கடிதம் போயிருந்தது. பாவம், மன்னிப்புக் கேட்டார். அடுத்த தடவை வீட்டுக்கே கூப்பிட்டார். வயிறு முட்டச் சாப்பிட்டேன். கிளம்பும்போது ஆன்ட்டி ஒரு டப்பாவில் புளியோதரை கட்டி நீட்டினார். வீட்டுக்குள் சாப்பிட்டால் சரி, டப்பாவில் எடுத்துப் போனால்? யோசித்தேன். "வேண்டாம் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு, நின்றபடியே இன்னொரு தட்டு சாப்பிட்டுவிட்டு வந்தேன்.