பத்தாயிரம் ரூபாய்க்கு முன் ஒரு பாஸ்புக்

இராமநாதபுரம் மாவட்டத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் கற்பிக்கும் நான், பள்ளி மாணவர்களின் புதிய யோசனைகளை ஊக்குவிக்கும் இன்ஸ்பயர் மானக் திட்டத்துக்கு முதன்முறையாக விண்ணப்பித்தபோது, நல்ல யோசனை கிடைப்பதுதான் கடினம் என்று நினைத்திருந்தேன். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இத்திட்டத்தில் தேர்வாகும் ஒவ்வொரு யோசனைக்கும், மாதிரி செய்வதற்காக 10,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்கிலேயே நேரடியாக வரவு வைக்கப்படுகிறது.

வகுப்பில் யோசனைப் பெட்டி வைத்ததும் வந்தவற்றில் பெரும்பாலானவை யூடியூபில் பார்த்தவை. ஆனால் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "வத்தல் காயப்போட்டுப் புரட்டுனா அப்பத்தாவுக்கு ராத்திரியெல்லாம் கை எரியும், மோருக்குள்ள கைய வச்சிக்கிட்டே உக்காந்திருக்கும்" என்று எழுதி, அதன் கீழே புத்தகம் போல மூடித் திறக்கும் இரண்டு வலைச் சட்டங்களை வரைந்திருந்தாள். இடையில் முண்டு மிளகாயைப் பரப்பி, சட்டத்தோடு கவிழ்த்துவிட்டால் கையே படாது.

அதை நான் முதலில் 'சூரிய ஆற்றலைப் பயன்படுத்திச் சீராக உலர்த்தும் அமைப்பு' என்று எழுதினேன். படித்துப் பார்த்தபோது அதில் அப்பத்தாவும் இல்லை, எரியும் கையும் இல்லை. ஆகவே முழுவதையும் அழித்துவிட்டு, அவள் சொன்ன வரிசையிலேயே எழுதி, அவள் வரைந்த படத்தையே இணைத்தேன். நடுவர்கள் தேடுவது குழந்தையின் சொந்தச் சிந்தனையை என்பதால், ஆசிரியர் மெருகேற்றுவது உதவியாகாது என்றே இன்றும் கருதுகிறேன்.

உண்மையான அலைச்சல் வங்கிக் கணக்கில்தான் இருந்தது. ஆதார் அட்டையில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னும், பாஸ்புக்கில் முன்னும் இருந்தது. உதவித்தொகைக்காக என்றோ தொடங்கிய அந்தக் கணக்கும் பரிவர்த்தனை இன்றி முடங்கிக் கிடந்தது. கூலி வேலையை விட்டுவிட்டு அவளுடைய தாயார் மூன்று முறை வங்கிக்கு வந்தார். ஒவ்வொரு முறையும் ஒரு சான்று குறைகிறது என்றார்கள். தேவையான அனைத்தையும் முதல் நாளே சொல்லியிருந்தால் அவருக்கு இரண்டு நாள் கூலியாவது மிஞ்சியிருக்கும். கடைசி நாளுக்கு முந்தைய இரவுதான் இணையத்தில் பதிவை முடித்தேன்.

மாதங்கள் கழித்துப் பணம் வந்தது. சவுக்குக் கம்பு, நைலான் வலை, நான்கு கீல்கள் கொண்டு செய்த சட்டம் மாவட்டக் கண்காட்சி வரை சென்றது. மாநில அளவுக்குத் தேர்வாகவில்லை. இப்போது அது அப்பத்தாவின் களத்தில் கிடக்கிறது.

இவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே, யோசனைப் பெட்டியை வைப்பதற்கு முன்பாக, எல்லோருடைய பாஸ்புக்கையும் ஆதாரையும் வாங்கிப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுவிட்டேன்.