ஐயா, இது ஜோதிடம் இல்லை

மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் பதினான்கு வருடம் டெக்னீஷியனாக இருந்தேன். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். நைட் ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது கிழக்கே விடிவெள்ளி தெரியும். அதைப் பற்றி நாலு வரி எழுதி வைக்கலாமே என்று தொடங்கியதுதான் என் வானியல் தளம். ஆண்டுக்கு இருநூறு வெள்ளி (ரிங்கிட்) செலவு, வரவு ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு முப்பது பேர் வந்தால் அதிகம். அதில் பாதி நீங்களேதான் என்பாள் மனைவி.

2018 ஜனவரி 31 அன்று தைப்பூசம். அன்று இரவே முழுச் சந்திர கிரகணம். ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே குழப்பம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு எத்தனை மணிக்குப் போவது, பந்தலில் சாப்பாடு போடலாமா, பிள்ளைத்தாச்சி வெளியே வரலாமா என்று ஆளாளுக்குக் கேள்வி. தமிழில் தேடினால் கிடைத்ததெல்லாம் இந்திய நேரம். நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேரம் வித்தியாசம். அது போக, தமிழ்நாட்டில் நிலா எழும்போதே கிரகணம் பிடித்திருக்கும். நாம் ஆரம்பத்திலிருந்தே பார்க்கலாம். இதை யாரும் சொல்லவில்லை.

நான் பினாங்கு நேரம் போட்டு ஒரு பக்கம் எழுதினேன். 7.48க்குப் பிடிக்கத் தொடங்கும், 8.51க்கு முழுதாக மறையும், 10.07 வரை செம்பு நிறத்தில் இருக்கும், வெறுங்கண்ணால் பார்த்தால் ஒன்றும் ஆகாது. கோயில் நடை சாத்துவது பற்றி வாயே திறக்கவில்லை. அது கோயில்காரர்கள் விஷயம். சோற்றைப் பற்றி மட்டும் ஒரு வரி: கிரகணத்தால் கெடாது, மூடாமல் வைத்தால் கெடும்.

அன்று மாலை ஆறு மணிக்குத் தளம் படுத்துவிட்டது. கூட்டம் தாங்கவில்லை. வாட்டர்பால் ரோட்டில் உறுமி மேளத்துக்கு நடுவே நின்றுகொண்டு, கைப்பேசியிலேயே தளத்தின் வாடகையைப் பெரிய திட்டத்துக்கு மாற்றிப் பணம் கட்டினேன். மோர் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா என் பக்கத்தை எனக்கே காட்டி, “தம்பி, இதுல சரியா போட்டிருக்கான் பாருங்க” என்றார். வேலையை விடும் எண்ணம் அப்போதுதான் முளைத்திருக்க வேண்டும்.

அடுத்த மாதமே, தளங்களில் விளம்பரம் போட்டுக் காசு தரும் கூகுள் ஆட்சென்ஸ் தமிழையும் சேர்த்துக்கொண்டது. விளம்பரம் போட்டால் காசு கொட்டும் என்று நினைத்தேன். பத்து டாலர் சேர்ந்ததும் வீட்டு முகவரிக்குத் தபாலில் ஒரு எண் அனுப்புவார்கள், அதை உள்ளிட வேண்டும். நூறு டாலர் சேர்ந்தால்தான் பணம் வெளியே வரும். எனக்கு முதல் நூறு சேர ஏழு மாதம் ஆனது. அதைவிடக் கொடுமை, வந்த விளம்பரம் பாதியும் ஜோதிடர்களுடையது. மேலே “சனிக்கோளின் வளையங்கள்” என்று நான் எழுதியிருப்பேன், கீழே “ஏழரைச் சனியா? இன்றே அழையுங்கள்” என்று வரும். ஜோதிட விளம்பரங்களை மொத்தமாக நிறுத்த அதிலேயே வழி இருந்தது. நிறுத்தினேன். வருமானம் பாதிக்கும் கீழே போனது. மனைவி இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

சோறு போட்டது பள்ளிக்கூடங்கள். தைப்பூசப் பக்கத்தைப் படித்த ஓர் ஆசிரியை, அறிவியல் வாரத்துக்குத் தொலைநோக்கி கொண்டு வர முடியுமா என்று அழைத்தார். என்னிடம் இருந்தது டாப்சோனியன் என்ற எளிய வகைத் தொலைநோக்கி, எட்டு அங்குலம். பள்ளி நடப்பதோ பகலில். முகப்பில் சூரிய வடிகட்டி மாட்டிக் காட்டினேன். அந்த நேரம் பார்த்துச் சூரியனில் கரும்புள்ளிகள் கூடிக் குறையும் சுழற்சி அடிமட்டத்தில் இருந்தது, மருந்துக்கும் ஒரு கரும்புள்ளி கிடையாது. எட்டு வயதுப் பையன் ஒருவன் பார்த்துவிட்டு, “அவ்ளோதானா சார்?” என்றான். நியாயமான கேள்விதான்.

அதன் பிறகு தொலைநோக்கியை நம்பாமல் பாடம் தயாரிக்கக் கற்றுக்கொண்டேன். பினாங்கு இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்தரை பாகைக்குச் சற்றுக் குறைவாக. அதனால் ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் 8, 9 வாக்கிலும் சூரியன் நேராக உச்சிக்கு வரும். பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஒன்றேகாலைத் தாண்டி. திடலில் ஒரு குச்சியை நட்டால் நிழல் சுருங்கிக்கொண்டே வந்து அடியில் காணாமல் போகும். செலவு ஒரு குச்சிதான். பிள்ளைகள் தங்கள் நிழலைத் தேடிக் காலுக்கடியில் பார்ப்பதைப் பார்க்க வேண்டுமே! ஒரு பள்ளி இன்னொரு பள்ளியிடம் சொல்லி, அப்படியே பரவியது.

பள்ளி காசோலை தர வேண்டுமானால் நிறுவனப் பதிவு வேண்டும், அந்தப் பெயரிலேயே வங்கிக் கணக்கு வேண்டும். நிறுவனங்களைப் பதியும் அரசு அமைப்பான எஸ்எஸ்எம்மில் தொழில் பெயரில் பதிய ஆண்டுக்கு அறுபது வெள்ளி, சொந்தப் பெயரில் என்றால் முப்பது. தொழில் தொடங்கி முப்பது நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். இது சுலபமாக முடிந்தது. வங்கியில்தான், படிவத்தைப் பார்த்த ஊழியர், “அஸ்ட்ரோலோகியா?” (ஜோதிடமா?) என்று ஆவலாகக் கேட்டு, தன் பிறந்த தேதியையும் சொல்லிவிட்டார்.

வேலையை விடுவதற்கு மனைவி ஒரு நிபந்தனை போட்டாள். “ஆறு மாசம் தொடர்ந்து உங்க சம்பளத்துல பாதி இதுல வரட்டும். அப்புறம் பேசலாம்.” 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணம் வந்தது. வளையமாகத் தெரிந்தது ஜொகூரின் தென்கோடி, சிங்கப்பூர் போன்ற இடங்களில்தான், பினாங்கில் பகுதி மட்டும். ஆனாலும் கிரகணக் கண்ணாடி விற்றதில் நல்ல காசு. அந்த வேகத்தில் ராஜினாமா கடிதமே எழுதிவிட்டேன். ஆறு மாதம் இன்னும் முடியவில்லை என்று அதை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். 2020 மார்ச் 18 அன்று கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பள்ளிகள் மூடின, பதினோரு நிகழ்ச்சிகள் ஒரே வாரத்தில் ரத்தாயின. ஆலைச் சம்பளம்தான் காப்பாற்றியது. அந்தக் கடிதத்தைப் பற்றி அவள் இன்றுவரை பேச்செடுத்ததில்லை. அதுவே போதும்.

கடைசியில் 2023 தொடக்கத்தில்தான் விட்டேன். அப்போதும் ஒரு கணக்கில் கோட்டை விட்டேன். கைக்கு வரும் சம்பளத்தை மட்டும் ஒப்பிட்டிருந்தேன். முதலாளி இபிஎஃப்பில் (சேமநிதியில்) போட்டுவந்த 13 விழுக்காடு, மருத்துவ அட்டை, சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி எல்லாம் சேர்ந்து போகும் என்பது மண்டையில் ஏறவில்லை. இப்போது சுயதொழில்காரர்களுக்கான ஐ-சாரான் திட்டம் வழியாக நானே இபிஎஃப்பில் போடுகிறேன், சுயதொழில் சொக்சோவும் எடுத்திருக்கிறேன். வருமான வரிக்கு, சம்பளக்காரர்கள் ஏப்ரல் 30க்குள் கொடுக்கும் பிஇ படிவம் போய், தொழில் செய்பவர்கள் ஜூன் 30க்குள் கொடுக்கும் பி படிவம் வந்தது. ரசீதுகளை மைலோ டின்னில் போட்டு வைத்து, முதல் ஆண்டு மூன்று இரவு உட்கார்ந்து பிரித்தேன். நட்சத்திரம் பார்க்கக்கூட அவ்வளவு கண் விழித்ததில்லை.

மிச்சமிருப்பது மேகம். பினாங்கின் பாலேக் பூலாவில் ஒரு தங்கும் விடுதியில் குடும்பங்களுக்கு இரவு வானம் காட்டுவேன். ஜனவரி, பிப்ரவரியில் வானம் ஓரளவு கைகொடுக்கும். தெற்கே அகத்திய நட்சத்திரம் பளிச்சென்று நிற்கும். தலைக்கு மேலே கார்த்திகை ஆறு மீனை, நான் சொல்வதற்கு முன்பே பாட்டிமார் காட்டிவிடுவார்கள். மற்ற மாதங்களில் ஒன்று மழை, இல்லாவிட்டால் புகைமூட்டம். ஒரு பிறந்தநாள் விருந்தில் மூன்று மணி நேரம் ஒரு நட்சத்திரம்கூடத் தெரியவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்தேன். அப்புறம்தான் முன்பணம் வாங்கும்போதே எழுதிக் கையெழுத்து வாங்க ஆரம்பித்தேன்: மேகம் இருந்தால் உள்ளே திரையில் காட்டி பாதிக் கட்டணம், அல்லது வேறு ஒரு நாள். இதைச் சொல்ல முதலில் கூச்சமாக இருந்தது. எழுதிய பிறகு சண்டை வந்ததே இல்லை.

இப்போது வருமானத்தில் பெரும்பங்கு பள்ளிகள், அடுத்து இந்த இரவுகள், கொஞ்சம் ஆன்லைன் வகுப்பு. விளம்பரப் பணம் தளத்தின் வாடகையைக் கட்டுகிறது, அவ்வளவுதான்.

2024 நவம்பரில் ஒருவர் அழைத்தார். சனி பற்றி நான் எழுதியதைப் பார்த்தாராம்.

“ஐயா, சனி இப்ப எங்க இருக்காரு?”

“கும்பத்துல.”

“அப்ப எனக்கு எப்படி இருக்கும்?”

“ஐயா, இது ஜோதிடம் இல்லை. வானியல்.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “அப்ப சனியை உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு பாலேக் பூலா வாங்க, காட்டுறேன். பெரியவங்களுக்கு நாற்பது வெள்ளி, பிள்ளைங்களுக்குப் பாதி.”

மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வந்தார். அந்த ஆண்டு வளையம் நன்றாக மெலிந்திருந்தது, ஈர்க்குச்சி குத்திய உருண்டை போல. அவர் கண்ணை எடுக்கவே இல்லை; பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார், “குருவை எப்பங்க காட்டுவீங்க?”