அந்த நாற்பது நிமிஷம்

ஐ.சி.யூ. வாசல் பெஞ்சில் அந்த அம்மாவின் பக்கத்தில் நாற்பது நிமிஷம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். மகனின் துண்டை அவர் மடியில் வைத்து மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். ஒவ்வொரு தடவையும் நாலு மூலையும் சேர்கிறதா என்று பார்த்துக்கொண்டார். நான் ஒரு வேத வசனமும் சொல்லவில்லை. கிளம்பும்போது கைகூப்பிவிட்டு வந்தேன், அவ்வளவுதான்.

தெரிந்தேதான் அப்படி இருந்தேன். ஆஸ்பத்திரியில் கிறிஸ்தவ ஊழியத்துக்கு வந்த புதிதில், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தகப்பனிடம் ரோமர் 8:28ஐ எடுத்தேன். "சகலமும் நன்மைக்கு ஏதுவாக" என்று தொடங்கியதுமே அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அன்றிலிருந்து, பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்த யோபுவைத் தேற்ற வந்த சிநேகிதர்கள்தான் எனக்குப் பாடம். ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை அவர்களிடம் குறை இல்லை. பேச ஆரம்பித்த பிறகுதான் "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்", அதாவது தொல்லை தரும் ஆறுதல்காரர், என்று யோபுவிடம் பெயர் வாங்கினார்கள். நம் வேதாகமத்தில் பரிசுத்த ஆவியானவரையும் தேற்றரவாளன் என்றே சொல்லியிருக்கிறது. அந்த ஒரே சொல் இரண்டு இடத்திலும் நிற்பது எனக்கு எப்போதும் பயம்தான்.

மகனின் அடக்கம் முடிந்து இரண்டு வாரம் கழித்து அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். காப்பியைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அன்னைக்கு ஒரு வசனமாவது சொல்லுவீங்கன்னு உங்க வாயையே பாத்துக்கிட்டு இருந்தேன் ஐயா. நீங்க பேசாம இருக்கவும், சரி, பிள்ளை இனி இல்ல, ஐயாவுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன்."

டாக்டர் என்னிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அதை அப்போதே அவரிடம் சொன்னேன். சொன்னது அவருக்காகவா, எனக்காகவா? பிழைப்பான் என்று நான் வாக்குக் கொடுத்திருக்க முடியாது, உண்மைதான். ஆனால் அவர் வாக்கு கேட்கவில்லையே, ஒரு வசனம்தானே எதிர்பார்த்தார்.

லாசரு இறந்ததைச் சொல்லும் யோவான் 11ஐத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்று அவன் சகோதரிகள் மார்த்தாளும் மரியாளும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். மார்த்தாளிடம் இயேசு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார். மரியாள் அழுததைக் கண்டு கண்ணீர் விட்டார். யாருக்கு எது வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கோ, பக்கத்தில் இருப்பவர் அந்தப் பழைய தகப்பன் இல்லை என்பதுகூட உறைக்கவில்லை.

அன்று அந்த வீட்டில் 23ஆம் சங்கீதம் வாசித்தேன். "மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும்" என்ற இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "பொல்லாப்புக்குப் பயப்படேன்" என்று அவர்தான் எடுத்துக் கொடுத்தார்.

போன வாரம் அதே பெஞ்சில் ஒரு பெரியவர். "ஒரு சங்கீதம் வாசிக்கட்டுமா ஐயா?" என்று கேட்டுப் பார்த்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், பதில் சொல்லவில்லை. அந்த நிலைமையில் இருந்தவரிடம் அதைக் கேட்டிருக்கவே கூடாதோ என்று இருக்கிறது. வேதாகமத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, அவரை உள்ளே கூப்பிடும்வரை கூடவே உட்கார்ந்திருந்தேன்.